கழுத்து, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

"ஜவ்வு விலகிடுச்சாம், ஆபரேஷன் பண்ணணுமாம்" என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்பார் ஒருவர். பெங்களூரில் லேசர் வைத்து ஒரே நாளில் அனுப்பிவிடுகிறார்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கையில் ஒரு எண்ணெய்ப் பாட்டில் இருக்கும்.

நடப்பது என்னவென்றால், அறுவை சிகிச்சை தேவையில்லாத பலர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்து ஓடுகிறார்கள். தேவைப்படுகிற சிலர், வலி அவ்வளவாக இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிட்டு, நடை கெட்ட பிறகு வருகிறார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். அதற்கு நாம் குடித்த தண்ணீரும் ஒரு காரணம்; அதைத் தனியாக ஒரு படியில் சொல்கிறேன்.

மருத்துவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது, அவர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்காக எழுதியது இது. உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான்.

படி 1: எது பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

கழுத்தில் 7 எலும்புகள், நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் என்கிற ஜவ்வு. இவற்றுக்குப் பின்னால் ஓடும் குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. தண்டுவடம் இடுப்பு வரை முழுதாக வருவதில்லை; முதல், இரண்டாம் இடுப்பு எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தொங்குவது நரம்புக் கொத்து மட்டும். கழுத்தில் வரும் அழுத்தமும் இடுப்பில் வரும் அழுத்தமும் ஒன்றல்ல என்பதற்கு இதுதான் காரணம். இடுப்பில் பெரும்பாலும் நசுங்குவது ஒரு நரம்பு. கழுத்தில் தண்டுவடமே நசுங்கலாம்.

தொந்தரவை மூன்றாகப் பிரிக்கலாம்.

கழுத்தோ குறுக்கோ மட்டும் வலிக்கிறது, கை காலுக்கு இறங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் தசை, மூட்டு, தேய்மானம் சார்ந்த வலி. இதற்கு அறுவை சிகிச்சை அபூர்வமாகவே பயன்படும். வெறும் குறுக்கு வலிக்காக ஸ்க்ரூ போட்டுக்கொண்டவர்களில் எல்லோருக்கும் வலி போய்விடுவதில்லை.

வலி ஒரு கையிலோ ஒரு காலிலோ கோடு போட்டது போல இறங்குகிறது, விரல் மரத்துப் போகிறது, தும்மினால் சுரீர் என்கிறது என்றால் அது நரம்பு வேர் அழுத்தம். கழுத்தில் 5, 6, 7-ஆம் எலும்புகளுக்கு நடுவிலும், இடுப்பில் 4-ஆம் எலும்பில் தொடங்கி அடியிலிருக்கும் திரிக எலும்பு வரையிலும்தான் இது அதிகம் வருகிறது. ரிப்போர்ட்டில் சி5-சி6, எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று எழுதியிருப்பது இந்த இடங்களைத்தான்.

மூன்றாவதுதான் ஏமாற்றுவது: தண்டுவட அழுத்தம். வலி கொஞ்சமாக இருக்கும், இல்லாமலும் இருக்கும். சட்டைப் பட்டன் போட வரவில்லை. சோறு பிசைந்து எடுத்தால் விரலிடுக்கில் வழிகிறது. கையெழுத்து மாறிப்போய் வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். நடந்தால் கால் விறைத்துக்கொண்டு தள்ளாடுகிறது, செருப்பு கழன்று போவது தெரிவதில்லை. வீட்டில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான்: "வயசாச்சு, வாதம்." மருத்துவர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், பாதத்தின் அடியில் கோடு போட்டுப் பார்ப்பதும் இதைக் கண்டுபிடிக்கத்தான். அதைச் செய்யாமல் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவரிடம், "தட்டிப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் தப்பில்லை.

படி 2: காத்திருக்கக் கூடாதவை

சிறுநீர் முட்டியும் போக முடியவில்லை, அல்லது தெரியாமலே போகிறது. மலம் கட்டுப்படவில்லை. உட்காருமிடமும் தொடை இடுக்கும் மரத்துவிட்டது. இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வலியோ பலவீனமோ. இவை இடுப்பின் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குவதன் அடையாளம். நாள் பார்ப்பதோ, திங்கட்கிழமை போகலாம் என்பதோ கூடாது. 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்னால், அழுத்தத்தை எடுத்துவிட்டால்தான் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

பாதம் தொங்கிப்போய் கட்டைவிரலைத் தூக்க முடியாதது, கையின் பிடி நாளுக்கு நாள் குறைவது, முதுகுவலியோடு காய்ச்சலும் எடை குறைவும், புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி. இவற்றுக்கும் அந்த வாரமே மருத்துவர்.

பிறகு, மரத்திலிருந்து விழுந்தவர்கள். தை, மாசியில் புளி உலுக்க ஏறுகிறவர்கள், சித்திரை, வைகாசியில் மா பறிக்க ஏறுகிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள். தொப்பூர் கணவாயில் வண்டி மோதியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதுதான் பெரிய கெடுதல். கழுத்தை அசைக்காமல், தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் திரும்பும்படி நாலு பேர் சேர்ந்து புரட்டி, ஒரு பலகையில் கிடத்தி, 108-க்குக் காத்திருங்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை.

படி 3: நெட்டி முறிப்பதையும் கட்டுப் போடுவதையும் நிறுத்துங்கள்

சலூனில் தலையைப் பிடித்து 'நெட்டி' எடுப்பது பழக்கமான சுகம். கழுத்தில் தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கிறவருக்கு அந்த ஒரு திருப்பு போதும், கை கால் விழுந்துவிட. முதுகில் ஏறி மிதிப்பதும் அப்படித்தான். கை எலும்பு உடைந்தால் புத்தூர் கட்டுக்குப் போகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அதைப் பற்றிய வாதம் இங்கே வேண்டாம். முதுகெலும்புக்கு மட்டும் அது வேண்டாம்.

மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரையையும் இதில் சேர்க்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிறகு அறுவை சிகிச்சையே தேவைப்படும்போது மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள்.

படி 4: ஸ்கேன் எடுப்பது, படிப்பது

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே, எலும்பு ஆடுகிறதா என்று காட்டும். ஸ்க்ரூ போட வேண்டுமா என்ற முடிவுக்கு இது முக்கியம். நரம்பும் தண்டுவடமும் தெரிய எம்.ஆர்.ஐ. வேண்டும். எலும்புகளை இணைக்கும் நார்கள் எலும்பாகிப்போயிருந்தால் அதைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன்தான்.

ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருந்தால் தலையில் கை வைக்காதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எனவே படத்தில் இருக்கும் இடமும் உங்கள் கை காலில் இருக்கும் தொந்தரவும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. படத்தில் இடது பக்கம் பிதுக்கம், வலியோ வலது காலில் என்றால் அந்தப் பிதுக்கத்தை எடுத்து என்ன பயன்?

ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஃபிலிமோ, படத்தைப் பதிந்து தந்த வட்டோ கூடவே இருக்கட்டும்.

படி 5: கத்தி இல்லாமல் எவ்வளவு நாள்

கை கால் பலம் குறையாமல், நரம்பு வலி மட்டும் இருந்தால் 6 முதல் 12 வாரம் பொறுத்துப் பார்ப்பது உலகமெங்கும் உள்ள நடைமுறை. பிதுங்கி வந்த ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதால் பெரும்பாலோருக்கு இந்தக் காலத்திலேயே வலி இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் கிடக்க வேண்டாம். நடக்க வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது. பிசியோதெரபி, நரம்பு வலிக்கான மாத்திரை, தேவைப்பட்டால் நரம்பு வேருக்கு அருகில் ஸ்டீராய்டு ஊசி. ஊசி ஜவ்வைக் குணப்படுத்தாது. அது வலியை அடக்கிக் காலம் வாங்கித் தரும், அவ்வளவுதான். கழுத்துக் காலரையும் இடுப்பு பெல்ட்டையும் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தசை இளைத்துவிடும்.

இந்தக் காத்திருப்பு தண்டுவட அழுத்தத்துக்குப் பொருந்தாது. அதில் கை கால் தடுமாற்றம் தெரியத் தொடங்கி, கூடிக்கொண்டும் வந்தால் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்று மாதங்களைக் கழிப்பது நஷ்டம். போன பலம் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

படி 6: நம் மாவட்டத்துத் தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரியின் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் என்பது இந்தியத் தர அளவு. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் பல கிராமங்களில் அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைத்தான் தலைமுறையாகக் குடித்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பது உண்டு. ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர் தண்ணீர் குடித்த எலும்புகள் அப்படியேதான் இருக்கின்றன.

பல்லில் காவிக் கறை எல்லோருக்கும் தெரிந்தது. எலும்புக்குள் நடப்பது வெளியே தெரியாது. எலும்பு கெட்டியாகிறது; எலும்புகளை இணைக்கும் நார்களும் எலும்பாக மாறுகின்றன. தண்டுவடக் குழாயின் முன்சுவரிலும் பின்சுவரிலும் இருக்கும் நார்கள் இப்படித் தடித்தால் குழாய் குறுகி, தண்டுவடம் நசுங்குகிறது. கழுத்தைத் திருப்ப உடம்போடு சேர்ந்து திரும்புகிறவர், குனிய முடியாதவர், கால் விறைத்து நடப்பவர் என்று வயதானவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் சவ்வு எலும்பாகி முள் முள்ளாகத் தெரிந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வலுக்கும். சிறுநீரில் புளோரைடு அளவும் பார்ப்பார்கள். அதனால் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்: எந்த ஊர், எத்தனை வருடம் என்ன தண்ணீர். பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் மருத்துவருக்கு இது தானாகத் தோன்றாமல் போகலாம்.

எலும்பில் ஏறிய புளோரைடை இறக்க மருந்து இல்லை. தண்டுவடம் நசுங்கியவருக்கு அறுவை சிகிச்சையே வழி. இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, எலும்பான நார் தண்டுவடத்தின் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கும்போது உறை கிழிந்து தண்டுவட நீர் கசியும் வாய்ப்பு சாதாரண டிஸ்க் அறுவை சிகிச்சையைவிட இதில் அதிகம். அதிவேக டிரில் வைத்து எலும்பை மெலிதாகத் தேய்த்து எடுக்கப் பழகிய கை வேண்டும். நரம்புக் கண்காணிப்புக் கருவி இருக்கும் இடமாக இருந்தால் நல்லது. இரண்டு, நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. தள்ளாடி நடக்கிறபோதே வந்தவருக்குத் தேறும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. வருடக்கணக்கில் படுக்கையான பிறகு வந்தவருக்குக் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரையும் மாற்றுங்கள். காய்ச்சுவதால் புளோரைடு போகாது, இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

படி 7: கழுத்துக்கு என்ன அறுவை சிகிச்சை

முன்பக்கமாகச் செய்வது: தொண்டையின் ஒரு பக்கத்தில் தோல் மடிப்போடு ஒட்டி ஓரிரு அங்குலம் வெட்டி, உணவுக் குழாயையும் மூச்சுக் குழாயையும் ஒதுக்கி, கெட்டுப்போன டிஸ்க்கை முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடைவெளியைத் தாங்க ஒரு சிறு கூண்டை வைத்து பிளேட், ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்பையும் சேர்த்துவிடுவார்கள். கழுத்தில் டிஸ்க் அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் இதுதான். கேட்கும்போது கதிகலங்கும், ஆனால் தசையை அதிகம் வெட்டாததால் தேறுவது வேகம். கொஞ்ச நாள் விழுங்கச் சிரமமாக இருக்கும், குரல் கம்மும். பெரும்பாலும் தானாகச் சரியாகும். டிஸ்க்கோடு எலும்பின் உடலையும் எடுக்க வேண்டி வந்தால் அறுவை சிகிச்சை பெரிதாகும்.

செயற்கை டிஸ்க் வைத்தால் கழுத்து அந்த இடத்தில் அசையும். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் டிஸ்க் கெட்ட, மூட்டுத் தேய்மானம் இல்லாத, வயது குறைந்தவருக்கு அது பொருந்தும். விலை அதிகம். புளோரைடால் கழுத்தே இறுகியவருக்கு அதை யாராவது பரிந்துரைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

பின்பக்கமாகச் செய்வது மூன்று நான்கு இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தால். பின்சுவர் எலும்பை எடுத்துவிடுவது ஒரு முறை. எடுத்தபின் கழுத்து முன்னால் சாயாமலிருக்க ஸ்க்ரூவும் கம்பியும் சேர்ப்பார்கள். இன்னொன்று ஜப்பானில் உருவான முறை: பின்சுவரை எடுக்காமல், ஒரு பக்கம் வெட்டி மறுபக்கத்தைக் கீலாக வைத்துக் கதவு போலத் திறந்து, சிறு பிளேட் வைத்து நிறுத்துவது. கழுத்தின் இயல்பான வளைவு இன்னும் இருந்தால்தான் இது உதவும். வளைவு மாறி முன்னால் கூனிவிட்டால் முன்பக்கமோ, இரண்டு பக்கமுமோ செய்ய வேண்டி வரும். பின்பக்க அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குத் தோளைத் தூக்க முடியாமல் போகும். பயந்துவிடாதீர்கள், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பும்.

படி 8: இடுப்புக்கும் நடு முதுகுக்கும்

டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கினால் நுண்ணோக்கி வைத்து ஓர் அங்குல வெட்டில் அந்தத் துண்டை மட்டும் எடுப்பது பழகிய, நம்பகமான முறை. மறுநாளே நடக்க வைத்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இது கால் வலியை வேகமாக எடுக்கும். குறுக்கு வலியைப் பற்றி அவ்வளவு உறுதி சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை செய்தவரையும் பொறுத்திருந்தவரையும் ஓரிரு வருடம் கழித்து ஒப்பிட்டால் வித்தியாசம் குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கும்.

எண்டோஸ்கோப்பி என்பது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துளை வழியாக அதே வேலையைச் செய்வது. சிலருக்கு மயக்காமலேயே செய்வார்கள். சுவரொட்டியில் 'லேசர்' என்று எழுதியிருப்பது பல நேரம் இதைத்தான். நல்ல முறைதான், எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தாது. யார் வந்தாலும் ஒரே முறைதான் என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கால் இழுத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகிறது என்றால், பெரும்பாலும் இடுப்பில் நரம்புக் கொத்து இறங்கும் குழாய் குறுகியிருக்கிறது. சைக்கிள் ஓட்டும்போது வலிக்காது, நடந்தால் வலிக்கும். அடைப்பை மட்டும் எடுத்தால் பலருக்குப் போதும். எலும்பு எலும்பின் மேல் வழுக்கி ஆடுகிறது என்றால்தான் ஸ்க்ரூ, கம்பி, கூண்டு வைத்துச் சேர்ப்பது. "எனக்கு எலும்பு ஆடுதா? எந்தப் படத்துல தெரியுது?" என்று கேட்டுவிடுங்கள், ஸ்க்ரூ தேவையா என்பதற்கான பதில் அதிலேயே இருக்கிறது. சேர்த்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குக்குப் பளு கூடுவதால், பின்னாளில் அவை தேயலாம்.

முதுகெலும்பு டி.பி.க்கு முதல் சிகிச்சை மாத்திரைதான், ஓராண்டோ அதற்கு மேலோ. அரசு இலவசமாகத் தருகிறது. கால் பலம் குறைந்தால், எலும்பு நொறுங்கிக் கூன் விழுந்தால், மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் மட்டும் அறுவை சிகிச்சை. வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்து, குடம் தூக்கும்போதே முதுகெலும்பு நசுங்குவதுண்டு. பெரும்பாலும் ஓய்விலும் மருந்திலும் ஆறும், ஆறாத சிலருக்கு ஊசி வழியாக எலும்பு சிமென்ட் வைப்பார்கள். எலும்பு மெலிவுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். விழுந்து முறிந்த எலும்பு தண்டுவடத்தை அழுத்தினால் 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுப்பது நல்லது. தண்டுவடம் முழுதும் அறுபட்டிருந்தால் ஸ்க்ரூ போடுவது நடக்க வைக்க அல்ல, உட்கார வைக்க. இதை முதல் நாளே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொய் நம்பிக்கையில் நிலத்தை விற்கிறார்கள்.

படி 9: எங்கே போவது, எப்படிக் கட்டுவது

தருமபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே எலும்பு மூட்டுத் துறையில் காட்டுங்கள். சிக்கலான தண்டுவடப் பிரச்சினைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைக்கு அனுப்புவார்கள். ஓசூர், சூளகிரிப் பக்கத்தார் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கும், பர்கூர்ப் பக்கத்தார் வேலூர் சி.எம்.சி.க்கும் போவது வழக்கம். எலும்பு மருத்துவர் செய்ய வேண்டுமா, நரம்பு அறுவை நிபுணர் செய்ய வேண்டுமா என்ற பட்டிமன்றம் வேண்டாம். இரண்டு பேரும் செய்கிறார்கள். இந்தக் குறிப்பிட்ட அறுவை சிகிச்சையை எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பதே கேள்வி. அவசரம் இல்லாதவர் இன்னொருவரிடமும் காட்டலாம். நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பின்தொடர வேண்டும். படுத்த பிறகு ஓடுவதைவிட வலி தொடங்கும்போதே இதை முடித்துவைப்பது புத்திசாலித்தனம். தனியார் மருத்துவமனை என்றால், அது திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், உங்களுக்குச் செய்யப்போகும் அறுவை சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா, ஸ்க்ரூ, பிளேட் விலையும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். கர்நாடகத்துக்குப் போகிறவர்கள் அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓசூர் தொழிற்சாலைக்காரர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையை மறந்துவிடுகிறார்கள், பெற்றோர் உங்கள் வருமானத்தைச் சார்ந்திருந்தால் அவர்களையும் அதில் சேர்க்கலாம்.

படி 10: அறுவை சிகிச்சைக்கு முன்

பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். எலும்பு சேரும் அறுவை சிகிச்சை என்றால் பிறகும் மூன்று மாதம் தொடவே கூடாது. புகைப்பவருக்கு எலும்பு சேராமல் போவதற்கான வாய்ப்பு கூடுதல். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்தால் புண் சீழ் வைப்பது குறையும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து நாள் குறிப்பார்கள். நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி: எந்த இடத்தில் செய்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? என் தொந்தரவில் எது போகும், எது போகாது? எத்தனை நாளில் என் வேலைக்குப் போகலாம்? கடைசிக் கேள்விக்கு உங்கள் வேலை என்ன என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். 'விவசாயம்' என்றால் மருத்துவர் வரப்பில் நடப்பதை நினைப்பார். நீங்கள் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவராக இருப்பீர்கள்.

படி 11: வீட்டுக்கு வந்த பிறகு

தரையில் பாய் போட்டுப் படுப்பதை விட்டு, முட்டி உயரக் கட்டில் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். எழும்போது பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில் இடுப்பு மடங்கும். ஒரு கமோட் நாற்காலி வாங்கி வையுங்கள். நடப்பதே முதல் உடற்பயிற்சி. ஆறு வாரம் குனிந்து தூக்குவதும், குடம் எடுப்பதும், டூவீலரும் வேண்டாம். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காராதீர்கள். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். டிஸ்க் மட்டும் எடுத்தவர் மூன்று மாதத்தில் பெரும்பாலான வேலைக்குத் திரும்பலாம். எலும்பைச் சேர்த்தவர் மூட்டை தூக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பி.பி. மாத்திரை கொடுப்பது மட்டும் அல்ல, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். கால் விழுந்தவருக்கு வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. விபத்தில் தண்டுவடம் பாதித்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவராகத் தொடர்ந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966-இல் வந்தது அது. படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, சிறுநீர்க் குழாயை நாமே போட்டு எடுப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று வீட்டாருக்கும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவற்றை இப்படிப்பட்ட மையத்தில்தான் முறையாகப் பழகலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

புண்ணிலிருந்து தண்ணீர் போலக் கசிந்து எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், புதிதாகக் கை கால் பலம் குறைவது, சிறுநீர் அடைப்பு: உடனே மருத்துவமனை. கழுத்தில் முன்பக்கம் செய்தவருக்குக் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஸ்க்ரூ போட்டவர் சொன்ன தேதியில் எக்ஸ்ரேக்குப் போக வேண்டும், பெரும்பாலும் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். வலி இல்லை என்று விடாதீர்கள். எலும்பு சேர்ந்ததா என்பது படத்தில்தான் தெரியும். டைட்டானியம் ஸ்க்ரூவைப் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை, பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் அது தடையில்லை. டிஸ்சார்ஜ் தாளோடு உள்ளே வைத்த பொருளின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி, பழைய ஃபிலிம்களோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்து எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.